உன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி

இன்று காலை உன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி எரிந்தது. நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது. சில ஃபைல்களை எடுக்க வேண்டியிருந்ததால் உன் கம்ப்யூட்டரை இன்றுதான் முதல் தடவையாகப் போட்டேன். போட்டுவிட்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், என் ஸ்கிரீனில் நீ வேலை செய்துகொண்டிருக்கிறாய். தில்லை நகரில் நம் ஆபீஸ் மாடியில் என்னைத் தவிர ஆளில்லை. பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரித்துக்கொள், பயந்தேன்தான்.

அந்தப் புள்ளி நாம் இருவரும் சேர்ந்து பெற்ற பிள்ளை. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் புரோகிராம். கீபோர்டிலோ மவுஸிலோ கை பட்டால் கம்ப்யூட்டர் அதற்குச் சொல்லும், புள்ளி பச்சையாகும். சில நிமிடம் எதிலும் கை படாவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும். ஆள் இருக்கையில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, சின்னச் சின்ன ஆபீஸ்கள் நம்மிடம் வாங்கின.

புத்தூரிலிருந்து வந்த ஒரு முதலாளி, “என்ன டைப் அடிக்கிறாங்கன்னும் தெரியணுமேம்மா” என்று கேட்டார், நினைவிருக்கிறதா? நீ டீயைக் கூடக் கீழே வைக்கவில்லை. “கை பட்டுச்சுன்னு மட்டும்தான் எடுத்துக்குவோம் சார். எந்த எழுத்துங்கிறது அவங்க சமாச்சாரம்” என்றாய். அவர் போனதும் நான், “கீபோர்டா மவுஸாங்கிறதையாவது பிரிச்சு வெச்சுக்கலாமேடி” என்றேன். “எதுக்கு? நமக்குத் தேவையில்லாததைச் சேத்து வெச்சா, அது ஒருநாள் யாரையாவது கடிக்கும்” என்றாய். உன் பிடிவாதத்துக்கு முன்னால் என்றைக்கு நான் ஜெயித்திருக்கிறேன்? பிரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகவே எண்ணினோம்.

நான் ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அந்தப் புள்ளிதான் நீ. (“ஸ்ரீரங்கத்துக்காரிக்குக் காவேரிப் பாலம் தாண்டினாத்தான் மூளையே வேலை செய்யும்” என்று கிண்டல் செய்வாய்.) மத்தியானம் பாங்கு சொன்னதும் புள்ளி சாம்பலாகும். லுஹர் தொழுகைக்கு எழுந்திருக்கிறாய் என்று அர்த்தம். மறுபடி பச்சையானால்தான் நான் போன் செய்வேன். நாம் பேசி வைத்துக்கொண்டதில்லை, அதுவாகப் பழகிவிட்டது.

அந்தக் கடைசி நாளிலும் நான் ஸ்ரீரங்கத்தில்தான் இருந்தேன். அன்று புள்ளி சாம்பலாகவே இல்லை. காலையிலிருந்து ஒரே பச்சை. இன்றைக்கு என்ன இவ்வளவு அவசரம் இவளுக்கு என்று நினைத்தேனே தவிர, வேறெதுவும் தோன்றவில்லை. சாயங்காலம் கீழே லேபில் வேலை பார்க்கும் அக்கா போன் செய்தார். மேசையில் தலை சாய்த்தபடி இருந்தாயாம். மாரடைப்பு. எந்த நேரத்தில் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பாலக்கரையில் உன் வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “மத்தியானம் எழுந்திரிச்சாளாம்மா?” என்று கேட்டார்கள். “இல்லைம்மா. ஒரு தடவைகூட எழுந்திரிக்கலை. கடைசி வரைக்கும் வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தா” என்றேன். அவஸ்தைப்படாமல் போனாள் என்று ஆறுதல் சொல்வதாக எனக்கு நினைப்பு. “ஒரு தடவைகூடவா?” என்று மறுபடி கேட்டுவிட்டு, கையை விட்டுவிட்டார்கள். அதன்பிறகு எப்போது போனாலும் ஒரே கேள்விதான்: “அன்னிக்கு வேலை அவ்வளவு அவசரமாம்மா?” ஏன் இதையே கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இன்று உன் மேசைக்குப் போய்ப் பார்த்தேன். ஸ்கிரீனில் அம்புக்குறி தானாக நடுங்கிக்கொண்டிருந்தது, சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி. மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம். அதன் கீழே கண்ணாடி. நீ போவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆசைப்பட்டு மேசைக்குக் கண்ணாடி போட்டாய். “இது மேல அந்த அழுக்கு மவுஸ் பேடை வெச்சா அழகே போயிடும்” என்று அதை எடுத்து அலமாரியில் போட்டதும் நீதான். கண்ணாடியின் மேல் அந்த வெளிச்சம் தடுமாறுகிறது. யாரும் தொடாமலே, தான் நகர்வதாக மவுஸ் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் புரோகிராமும் அதை நம்பி, கை பட்டது, கை பட்டது என்று எண்ணுகிறது. மவுஸுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். சாம்பல். எடுத்தேன், பச்சை. மறுபடி வைத்தேன், சாம்பல்.

அப்படியே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அன்றைக்கு எரிந்தது நீயா, கண்ணாடியா? பாங்கு சொன்னபோது எழுந்தாயா? அதற்கு முன்பே போய்விட்டாயா? கீபோர்டையும் மவுஸையும் பிரித்து வைத்திருந்தால் இந்நேரம் தெரிந்திருக்கும். உன் மேல் கோபம் கோபமாக வந்தது. திட்ட ஆளில்லாத கோபம் பெரிய இம்சையடி. உன் தொழுகை விரிப்பைத் தேடினேன். அதை அன்றே அம்மா எடுத்துப் போனது நினைவுக்கு வந்தது. அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. அம்மா வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசி லுஹரைத் தொழுதாயா என்றுதான் இத்தனை நாளும் கேட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும், எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

ஆபீஸைப் பூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். மவுஸ், கண்ணாடி, சிவப்பு வெளிச்சம் எல்லாவற்றையும் அம்மாவிடம் உளறிக் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்கள்.

“அப்போ அவ எழுந்திரிக்கவே இல்லைன்னு நீ சொன்னது?”

“எனக்குத் தெரியாதும்மா. பச்சையா இருந்தது நெசம். அத வெச்சு எதையும் சொல்ல முடியாது. எழுந்திரிச்சுப் போயிருந்தாலும் அது பச்சையாத்தான் இருந்திருக்கும்.”

“தொழுதிருக்கலாம்?”

“தொழுதிருக்கலாம்மா.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். “தொழுதிருப்பா. மிச்சம் அல்லாவுக்குத் தெரியும்” என்றார்கள். பிறகு, “மூஞ்சியப் பாரு, வாடிக்கெடக்கு. சாப்பிட்டுப் போ” என்று எழுந்து உள்ளே போனார்கள். இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் எனக்கு இறங்கிய முதல் சோறு அது.

எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு பதில். அம்மாவுக்குப் போதுமாக இருந்தது, பதில் இல்லை என்பது. நீ இதையெல்லாம் யோசித்தா அன்றைக்குப் பிரிக்க மாட்டேன் என்றாய்? இல்லை, எனக்குத் தெரியும். வழக்கமான பிடிவாதம்தான்.

புரோகிராமை மாற்றப் போவதில்லை. ஆபீஸுக்குத் திரும்பி வந்து, மவுஸ் பேடைத் தூசி தட்டி உன் மேசையில் வைத்துவிட்டேன். இப்போது உன் புள்ளி சாம்பல். சாயங்காலத்துக்குள் பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. நாளையிலிருந்து ஒன்று செய்யப் போகிறேன். மத்தியானம் பாங்கு கேட்டதும் நானும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். என் புள்ளியும் சாம்பலாகும் வரை எதையும் தொட மாட்டேன்.