காவல்காரி மென்ற இலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி இப்போது தேவலையா?

இந்த மலையில் மட்டுமே பூக்கும் வெள்ளைப் பூச்செடி ஒன்றைக் காவல் காப்பதுதான் என் வேலை. கடுகுக் குடும்பமாம். கேட்டதிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. நேற்று ஓர் இலையைக் கிள்ளி மென்றுவிட்டேன்.

வனத்துறை அதிகாரி பார்த்துவிட்டார். "ஆடு மேயாம பாத்துக்கன்னு உன்னை வெச்சா, நீயே மேயறியேம்மா!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

நாக்கில் சுருக்கென்று அதே கடுகுக் காரம். நீங்கள் தாளிக்கும்போது, "தள்ளி நில்லு, வெடிக்குது!" என்று என்னை விரட்டிவிட்டு, மூடியை முகத்துக்கு நேரே பிடித்தபடி முதலில் பின்வாங்குவீர்களே, அது நினைவுக்கு வந்தது. கண் கலங்கியது காரத்தால்தான்.

தபால் எடுத்துப்போகும் ஜீப் வந்துவிட்டது. அடுத்த பார்சலில் ஒரு கைப்பிடி கடுகு வையுங்கள். என் அறையில் அடுப்பு கிடையாது. ஆனாலும் வையுங்கள்.

உங்கள்
சின்னவள்