நீளம் மாறிய தடம்

வியாழக்கிழமை, ஜூன் 12

சிப் தயாராகி வந்துவிட்டது. குப்பையில்தான் போட வேண்டும். இரண்டு மின்துடிப்புகள் வந்துசேரும் நேரத்திலுள்ள மிகச் சிறிய வித்தியாசத்தைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே அதிலுள்ள என் மின்சுற்றின் வேலை. இன்று இரண்டையும் ஒரே கணத்தில் அனுப்பினேன். அப்போதும் பெரிய வித்தியாசம் இருப்பதாகக் காட்டியது.

காரணம் எனக்கு உடனே விளங்கியது. இரண்டு துடிப்புகளும் ஓடும் தடங்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். சிப்பின் வரைபடத்தைக் கடைசியாகச் சுருக்கிய என் இளைய சக ஆய்வாளன் நௌபர், இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு தடத்தைச் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறான். நீளம் கூடியதால் வரும் தாமதத்தையும் சேர்த்தே சுற்று பெரிதாக்குகிறது. மூன்று வருட வேலை. இன்னொரு முறை செய்துபார்க்க எனக்கு யார் வாய்ப்புத் தரப்போகிறார்கள்?

ஆய்வுகூடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கத்தினேன். "உனக்குக் கண் இல்லயாடா?"

என்னை அண்ணன் முறையில் காக்கா என்று அழைப்பவன், குரலை உயர்த்தவேயில்லை. "சின்னதாக்கச் சொன்னது நீங்கதானே காக்கா. மாத்தின இடமெல்லாம் எழுதி, பாத்துச் சொல்லுங்க எண்டு அனுப்பினனே. பாக்கல்லயா?"

தன் வீட்டுக் கல்யாண விருந்தான வலீமாவுக்கு எல்லோரையும் அழைத்து என்னை மட்டும் விட்டான். அன்றிலிருந்து அவன் அனுப்பும் எதையும் நான் திறப்பதில்லை. அதை அங்கே சொல்ல முடியுமா?

"பாத்தன்" என்றேன்.

"பாத்துட்டா தலைவருக்குச் சரி எண்டு எழுதினீங்க?"

ஆய்வுகூடத் தலைவர் நாளை என்னிடம் விளக்கம் கேட்பார். நௌபரின் மடல் இன்னும் திறக்காமல் கிடக்கிறது.

ஒரு நேரச் சோற்றுக்கு அவன் என்னை அழைத்திருந்தால் திறந்திருப்பேன்.