லியோ ஸ்டிமாக்கும் என் தபால் பெட்டியும்

கீவீனா, மிச்சிகன்
பிப்ரவரி 18, 1979, ஞாயிறு

அன்பு மகள் மார்லீனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உயிரோடும் சூடாகவும் ஒரே கூரையின் கீழும் இருக்கிறோம். இந்த மூன்றும் ஒரே நாளில் அமைவது இந்தக் குளிர்காலத்தில் சாதாரண விஷயமில்லை. அரிசோனாவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் அன்று மாப்பிள்ளை அரைக்கைச் சட்டையோடு எலுமிச்சை பறிக்கிற போட்டோ வந்தது. அம்மா அதை எல்லோருக்கும் காட்டினாள். நான் எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இங்கே கீழ் ஜன்னல்கள் எல்லாம் பனியில் மூடிப்போய் மாதம் ஒன்றாகிறது, மாடியிலிருந்துதான் தெருவைப் பார்க்கிறோம், பார்க்க ஒன்றும் இல்லை.

அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்ததையும் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் போனில் சொன்னேன். சொன்னது பாதிதான். நம் போன் லைனில் இன்னும் மூன்று வீடுகள் இருக்கின்றன, நாம் பேச ஆரம்பித்ததும் அந்த மூன்று வீட்டிலும் மூச்சு விடுவதையே நிறுத்திவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியாததில்லை. மீதிப் பாதியை எழுத்தில்தான் சொல்ல முடியும். படித்துவிட்டு என்னைத் திட்டு, ஆனால் திட்டுவதையும் போனில் வேண்டாம்.

நவம்பர் கடிதத்தில் புதுத் தபால் பெட்டிக் கம்பத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, அளவெல்லாம் குறித்துப் படமும் வரைந்து அனுப்பியிருந்தேன், நினைவிருக்கும். ஏழு குளிர்காலமாக நம் தெருவில் பனி வாரும் லாரி ஓட்டுகிற லியோ ஸ்டிமாக் ஏழு பெட்டிகளைச் சாய்த்துவிட்டான். கேட்டால், "நான் எங்க இடிச்சேன் பெரியவரே, நான் தள்ளுற பனிதான் இடிக்குது, பனிகிட்ட போய்க் கேளுங்க" என்பான். சாலை அலுவலகத்துக்கு எட்டுப் புகார் எழுதினேன். அவர்கள் பதிலுக்கு, கம்பம் இடித்தால் முறிகிற மரமாக இருக்க வேண்டும் என்று ஒரு அச்சடித்த தாள் அனுப்பினார்கள். அதை வைத்து சவுனா நீராவிக் குளியலறையின் அடுப்பைப் பற்றவைத்தேன். பிறகு முப்பத்தைந்து வருஷம் பட்டறையில் வேலை பார்த்த மனுஷனின் மொத்த அறிவையும் திரட்டி, ஆறு அங்குல இரும்புக் குழாயை நான்கடி ஆழத்தில் நட்டு, உள்ளே பழைய சுரங்கத் தண்டவாளத் துண்டு ஒன்றை இறக்கி, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றினேன். அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "தபால் பெட்டிக்கா இவ்வளவும்? எனக்குக் கல்லறை கட்டுற மாதிரி இருக்கு" என்றாள். அந்த வார்த்தையை நான் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது தினமும் கேட்கிறது.

அம்மாவின் வாசல் விளக்கு வழக்கம் நீ பார்த்ததுதான். காலை ஆறு மணிக்குப் பனி வண்டி நம் வீட்டைத் தாண்டும்போது ஒரு தடவை விளக்கைப் போட்டு அணைப்பாள், லியோ ஒரு தடவை ஹாரன் அடிப்பான். அவன் என் பெட்டியைச் சாய்த்த நாளிலும் அவள் விளக்குப் போட்டாள். எதிரிக்கு நம் மின்சாரத்தில் வணக்கம் சொல்கிறாயே என்று நான் கேட்டால், "அவன் வரலேன்னா நீங்க எந்த வழியா வெளிய போய் அவனைப் பத்திப் புகார் கொடுப்பீங்க?" என்பாள்.

ஜனவரி கடைசியில் புயல் மூன்று நாள் அடித்தது. பெரிய ஏரியிலிருந்து காற்று நேராக நம் சமையலறைக்குத்தான் கிளம்பி வந்தது போலிருந்தது. இரண்டாம் நாள் வண்டிகளையெல்லாம் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார்கள், மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத்தான் லியோ வந்தான். நான் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகைக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தேன். லாரி சத்தம் கேட்டது, பிறகு தேவாலய மணி கீழே விழுந்தது மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. மார்லீன், உன்னிடம் மறைக்க மாட்டேன். முகத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துணிக்குள் நான் சிரித்தேன். அவசரமே படாமல் மண்வாரியை நேராகச் சாத்திவைத்தேன், கையுறையைத் தட்டினேன், அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் என்று நிதானமாக முன்பக்கம் நடந்தேன்.

லாரியில் ஆள் இல்லை. சாலையிலிருந்து நம் வாசல் வரை இடுப்பளவு பனியில் ஒருவன் நீச்சலடித்த மாதிரி தடம் இருந்தது. கதவு திறந்து கிடந்தது. உள்ளே அம்மா அடுப்பில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், முகம் சாம்பல் நிறம், ஒரு கை நெஞ்சில், லியோ பக்கத்தில் முழங்காலிட்டு இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "விளக்கு வரல பெரியவரே, அதான் வந்து பாத்தேன்" என்றான். அம்மா அவனைப் பார்த்து, "வந்ததுதான் வந்தே, காபி குடிச்சிட்டுப் போ" என்று மெதுவாகச் சொன்னாள். காபி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாளோ, நான் பின்னால் விறகுக்கு வழி வெட்டிக்கொண்டிருந்தேன்.

லியோ வண்டி வயர்லெஸ்ஸில் பேசினான். ஆம்புலன்ஸ் பெரிய சாலை முனை வரைதான் வர முடியும், அங்கிருந்து ஆறு மைல் பனிக்குள் வர முடியாது, நீயே கொண்டு வா என்றார்கள். கொண்டு போக வண்டி நகர வேண்டுமே. விளக்கு வருகிறதா என்று வீட்டைப் பார்த்துக்கொண்டே வந்ததில் வண்டி ஓரடி வலப்பக்கம் ஒதுங்கிவிட்டதாம், பனியை ஒதுக்குகிற பக்கவாட்டு இறக்கைத் தகடு என் கம்பத்தில் மாட்டி, வளைந்து, பின் சக்கரத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. மரக் கம்பமாக இருந்தால் தீக்குச்சி மாதிரி ஒடிந்திருக்கும், அவன் கவனித்திருக்கவே மாட்டான். என் கம்பம் ஒடியவில்லை. கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். தரமான வேலை.

கேஸ் கட்டரை இழுத்துக்கொண்டு வந்து இறக்கையை வண்டியோடு பிணைத்திருந்த இரண்டு இரும்புக் கைகளையும் அறுத்தேன். சிலிண்டர் வாய் இரண்டு தடவை உறைந்துபோனது, என் மூச்சாலேயே ஊதி இளக்கினேன். லியோ உள்ளே அம்மாவிடமும் வெளியே என்னிடமும் மாறி மாறி ஓடினான். ஒரு தடவை என் பக்கத்தில் நின்று கம்பத்தைப் பார்த்து, "உள்ள என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். கான்கிரீட் என்றேன். "அதுக்குள்ள?" தண்டவாளம் என்றேன். "நல்லா செஞ்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனான். அவன் என்னை அடித்திருக்கலாம், எனக்கு அது சௌகரியமாக இருந்திருக்கும். நாற்பத்திரண்டு நிமிஷம் ஆனது. நான் கடிகாரம் பார்த்தேன்.

பிறகு அம்மாவைக் கம்பளியில் சுற்றி லாரியில் அவன் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்தோம். அந்த வண்டியில் வெளியாளை ஏற்றக்கூடாது, ஏற்றினால் வேலை போகும். இடம் ஒருவருக்குத்தான் இருந்தது. நான் நம் பிக்கப்பில் பின்னால் போனேன். ஆறு மைலும் எனக்கு அவன் வண்டியின் பின் விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவன் வெட்டிய வழியில்தான் நான் போனேன், அவன் நின்றால் நின்றேன், அவன் திரும்பினால் திரும்பினேன். நான் வாழ்க்கையில் யாருக்கும் அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை, பட்டறை ஃபோர்மேனுக்குக்கூட. முனையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. போகும் வழியெல்லாம் அம்மா தூங்கிவிடாமல் இருக்க, அவன் என்னைப் பற்றியே பேசிக்கொண்டு போனானாம். அதில் அவளுக்கு நன்றாகப் பொழுது போயிற்றாம்.

டாக்டர் சொன்னதை இப்போது எழுதுகிறேன், இதுதான் போனில் சொல்லாதது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, இன்னும் அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். அரைமணி நேரம். நான் தலையாட்டினேன். அம்மா இனி மாடி ஏறக்கூடாது, கட்டிலைக் கூடத்துக்கு இறக்கிவிட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, மார்லீன். அறுபத்தெட்டு வயதில் ஒரு தகரப் பெட்டிக்காக உன் அம்மாவின் இதயத்தில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டேன்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே சாலை அலுவலகத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் என்னைப் பார்த்ததும், "என்ன மட்டிலா, ஒன்பதாவது புகாரா?" என்றார். இல்லை, இறக்கைத் தகடு உடைந்தது என்னால்தான் என்றேன். அவர் ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். பனிக்குள் புதைந்திருந்த மரக்கட்டையில் மோதியது என்று லியோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அம்மாவை ஏற்றிக்கொண்டு போனது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "ஓட்டுனவன் மரக்கட்டைன்னு எழுதியிருக்கான். நீங்க அது இல்லேன்னு சொன்னா அவன் பொய் சொல்றான்னு அர்த்தம். பொய் அறிக்கை கொடுத்தா வேலையிலேருந்து எடுத்துருவோம். இப்பச் சொல்லுங்க, மரக்கட்டையா, இல்லையா?" என்றார். மரக்கட்டை என்றேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நான் செய்ததற்குத் தண்டனைகூட வாங்க முடியாதபடி அவன் வழியை அடைத்துவைத்திருக்கிறான்.

அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்த அன்று, "நம்ம வாசல்ல ஏதுங்க மரக்கட்டை?" என்று கேட்டாள். நான் அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தேன், அப்போது இரண்டு விறகு போதுமானது, ஆறு வைத்தேன். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, ஆறு மணிக்கு எழுந்திருக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனி விளக்கு நீங்கதான் போடணும் என்றாள்.

போட்டேன். முதல் நாள் ஒரு தடவை போட்டு அணைத்தேன், ஹாரன் அடித்தான். மனசு கேட்கவில்லை. ஒரு தடவை என்பது அம்மாவின் கணக்கு, நான் செய்ததற்கு அது பத்தாது என்று தோன்றியது. இரண்டாம் நாள் ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தேன். ஏற்றத்தின் நடுவே லாரி நின்றது. லியோ குதித்துப் பனியில் விழுந்து எழுந்து ஓடி வந்தான், தொப்பி இல்லை, மூச்சு வாங்குகிறது, "சில்வியம்மா எங்க? என்ன ஆச்சு?" என்றான். ஒன்றுமில்லை, தூங்குகிறாள், உனக்கு நன்றி சொல்லலாம் என்றுதான் என்றேன். அவன் என்னையே பார்த்தான். "பத்து டன் வண்டியை ஏத்தத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன். நன்றியெல்லாம் கோடைல சொல்லுங்க பெரியவரே. ஒரு தடவை போட்டா நல்லாருக்கீங்கன்னு வச்சுக்கிறேன். அதுக்கு மேல வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். நாலடி போய், "இருட்டா இருந்தா வந்துருவேன்" என்றான்.

அதனால் இரண்டு அலாரம் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். பனி பெய்யாத நாளிலும் ஆறு மணிக்கு ஜன்னலில் நிற்கிறேன். கம்பத்தை அறுத்து எடுத்தாயிற்று, ஒரு நாள் முழுக்க ஆனது. இப்போது பெட்டி எதுவும் இல்லை, நீ கடிதத்தை நமக்குத் தபால் வாங்கி வைக்கிற ஊர்க் கடையின் விலாசத்துக்கே எழுது. இந்தக் கடிதத்தை லியோதான் கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கப்போகிறான். உறையை ஒட்டித்தான் கொடுப்பேன்.

பேத்திக்கு என் முத்தம். ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும், அங்கே பனி இல்லாததால் அவருக்கு அதிக வேலை இருக்காது. ஏப்ரலில் வருவதாகச் சொன்னாயே, முடிந்தால் முன்னாலேயே வா, அம்மா வாய்விட்டுக் கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. நவம்பர் கடிதத்தில் அனுப்பிய அந்தக் கம்பத்துப் படத்தை இப்போதே எடுத்துக் கிழித்துப் போட்டுவிடு. நம் வாசலில் இருந்தது மரக்கட்டைதான்.

என்றும் உன் அன்பு அப்பா,
ஊர்ஹோ மட்டிலா