நன்றி சொன்னதால் தாண்டிப்போன கிண்ணம்

புவெனஸ் ஐரஸ்

அன்புள்ள அம்மாவுக்கு, செவெரினா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பாவின் இருமல்? நான் நலம். தையல் மெஷின் முன்னால் குனிந்தே கிடப்பதில் கழுத்துதான் பிடித்திருக்கிறது, வேறொன்றுமில்லை.

போன ஞாயிறு அறையில் படுத்திருக்கப் பிடிக்காமல் தெருமுனைக் கலைக்கூடத்துக்குப் போனேன். மாடியில் முரசுக் குழு, பின்கட்டில் நாடகக் குழு, கூடத்தில் பொம்மலாட்டக் குழு. பொம்மைகளுக்குச் சட்டை தைக்க ஆள் தேடினார்கள். போயும் போயும் அங்கேயும் ஊசிதான்!

நடுவில் மாத்தே, அதாவது இந்த ஊர்க் கசப்பு இலைத் தேநீர், சுற்றி வந்தது. எல்லோருக்கும் ஒரே கிண்ணம், ஒரே உறிஞ்சுகுழல். குடித்துவிட்டு, நீங்கள் வளர்த்த பெண்ணாக, "நன்றி" என்று திருப்பிக் கொடுத்தேன். பிறகு கிண்ணம் என்னைத் தாண்டித் தாண்டியே போயிற்று. இங்கேயும் நான் வேண்டாதவள்தான் என்று குனிந்து தைத்தேன்.

கிளம்பும்போது பொம்மலாட்டக் குழுத் தலைவி நெலிடா, "ஏன்டி பொண்ணே, எங்க மாத்தே அவ்வளவு கசப்பா?" என்றாள்.

"நீங்கதான் அப்புறம் தரவே இல்லையே!"

"நீதானே நன்றின்னு சொன்ன! இங்க அப்படிச் சொன்னா 'போதும், இனி வேண்டாம்'னு அர்த்தம்டி, மலைநாட்டுக்காரி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நம் மலையூர் பொதோசியிலிருந்து யாராவது இங்கே வந்தால் உலர்ந்த உருளைக்கிழங்கு கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சால்வையையும். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

முதலாளியம்மா கூப்பிடுகிறாள். நேற்று மறுபடி கலைக்கூடத்துக்குப் போனேன். கிண்ணம் என்னிடம் வந்துகொண்டே இருந்தது. நான் ஒரு தடவைகூட நன்றி சொல்லவில்லை அம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் செவெரினா