காலியாக விட்ட கட்டம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். எலும்பு கூடி வருகிறது, கோல் பிடித்து நடக்கிறீர்கள் என்று, உங்களைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உங்கள் மகன் சொன்னான். நிம்மதி. உளறிக் கொட்டாமல் இருக்க, சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. அன்று காலை உங்களுக்கு ஏன் போன் வரவில்லை.
2. அதில் உங்கள் பங்கு.
3. எனக்கு அது முன்கூட்டித் தெரியாது.
4. ஒரு வேண்டுகோள்.

நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் முதியவர்களைச் சங்கத்தார் தினமும் காலையில் போனில் விசாரிப்பார்கள். எடுக்காவிட்டால் ஆள் அனுப்புவார்கள். யாரைக் கூப்பிடுவது என்று எல்லோர் விவரங்களிலிருந்தும் பொறுக்கித் தரும் புரோகிராமை எழுதியவன் நான். இரண்டு நிபந்தனைகள் வைத்தேன்: வீட்டில் ஒருவரே, அதோடு, வயது எழுபதுக்கு மேல். வயதுக் கட்டம் காலியாக இருந்தால் அது எழுபதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. கம்ப்யூட்டர் அந்தப் பெயரைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். விடியற்காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்த நீங்கள், சாயங்காலம் காவலாளி கதவைத் தட்டும்வரை ஈரத்தரையில் கிடந்தது அதனால்தான்.

இரண்டாவது. விவரம் கேட்டு வந்த செயலாளரிடம், “வயசு எதுக்குங்க? எனக்குப் பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்று சிரித்துக் கட்டத்தைக் காலியாக விட்டவர் நீங்கள். என்னிடமும், “மச்சான், நீ வாயத் தொறக்காத” என்றீர்கள்.

நான்காவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘அல்லது, வயது காலியாக இருப்பவர்’ என்று இப்போது சேர்த்துவிட்டேன். உங்கள் பெயர் தினமும் வருகிறது. “வீடுதான் பூட்டியிருக்கே, எடுத்துரலாமா சார்?” என்று கேட்டார் செயலாளர். இருக்கட்டும் என்றேன். உடம்பு தேறியதும் திரும்பி வாருங்கள்.

மூன்றாவதாக எழுதியது பொய், அத்தான். புரோகிராமை முதன்முதலில் ஓட்டிப் பார்த்தபோது வந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். உங்கள் பெயர் இல்லை. பார்த்தேன். அக்காவை நீங்கள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்கள் வயது எனக்குத் தெரியும், நானே கட்டத்தில் அடித்திருக்கலாம். “கிழவன் கூட்டத்துல என்னையும் சேத்துட்டியாடா?” என்று நாலு பேர் முன்னால் கேட்பீர்களே என்று பயந்து, பட்டியலை அப்படியே சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா இருந்திருந்தால் அவள் முகத்தில் விழித்திருக்கமாட்டேன். நீங்களாவது வந்து, நாலு பேர் முன்னாலேயே திட்டுங்கள்.

உங்கள்
மச்சான்