காரணம் எழுதாமல் அழித்த வரி

அன்புள்ள அண்ணிக்கு,

கொசு எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கி, நீங்கள் நலமா என்று கேட்பதுதான் கடிதத்துக்கு அழகு. ஆனால் உங்கள் நலத்தைப் பற்றி எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அண்ணனும் நீங்களும் பிரிந்து நாலு வருஷமாகிறது, இன்னமும் என்ன அண்ணி என்று நீங்கள் கேட்கலாம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். வாயில் வேறெதுவும் வரவில்லை.

முதலில் உங்கள் பழைய நம்பருக்குத்தான் அடித்தேன். ஒரு மெத்தைக் கடைக்காரர் எடுத்தார். அந்த நம்பர் இரண்டு வருஷமாகத் தன்னிடம் இருக்கிறது என்றார். நான் மூக்கை உறிஞ்சியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், அழாதீங்கம்மா என்றார், கொஞ்சம் பொறுத்து, மெத்தை எதுவும் வேணுமா என்றும் கேட்டார். அதனால் இந்தக் கடிதத்தை, இரண்டு பேர் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகவே மாறும் நம் ஃபோல்டரிலேயே, செட்டிங்ஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன். உங்களையும் என்னையும் சேர்த்து வைத்திருப்பது இப்போது அது ஒன்றுதான்.

அந்த ஃபைலை நாம் ஆரம்பித்த மதியம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பழைய வீட்டில் இன்டர்நெட் ஒழுங்காக வருவது மாடிப்படியின் திருப்பத்தில் மட்டும்தான். இரண்டு பேருக்கும் புரோகிராம் எழுதுவதுதான் பிழைப்பு, இரண்டு பேரும் படியில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்காருவோம். ஒருவர் புரோகிராம் அடிக்கும் எடிட்டரை மற்றவர் தொட்டால் எரிச்சல்தான். உங்களுக்கு வெளிர் மஞ்சள் ஸ்கிரீன் வேண்டும், எனக்குக் கறுப்பு வேண்டும். கடைசியில், எதற்கு ரெண்டு, ஒரே செட்டிங்ஸாக வைத்துக்கொள்வோம், சண்டையை அதற்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். காலையில் மஞ்சள், பன்னிரண்டு மணி அடித்தால் கறுப்பு என்று பேசி முடித்தோம். மேல் ஜன்னல் வழியாக வெயில் இறங்கி நம் கால் விரல்களைத் தொடும் நேரத்துக்கு இரண்டு ஸ்கிரீனும் ஒன்றாக இருட்டும். அதை எத்தனை முறை பார்த்திருப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துக்கொள்வோம்.

அப்போது போட்ட விதி ஒன்றே ஒன்று. எதை மாற்றினாலும் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். ‘கர்சர் சிமிட்டினால் தலை வலிக்கிறது – அண்ணி.’ ‘தலை வலித்தால் காபி குடிக்கவும், கர்சரைத் தொடாதீர்கள் – கொசு.’ அந்த வரிகளெல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன. நீங்கள் போன பிறகு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு மாற்றமும் வரவில்லை. நீங்கள் உங்களுக்கென்று வேறொன்று வைத்துக்கொண்டிருப்பீர்கள், இந்த ஃபைல் என்கிற பெரிய வீட்டில் நான் மட்டும்தான் குடியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரத்துக்கு முன் சில்லறைத் தொல்லைகள் தொடங்கின. வரியை அழிக்கும் கீ வேலை செய்யவில்லை. தேடும் கீ எங்கோ போய்விட்டது. ஏதோ அப்டேட்டின் வேலை என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுத்துகளே மாறத் தொடங்கின. எஃப் அடித்தால் ஜே விழுகிறது, டி அடித்தால் கே விழுகிறது. எப்போதும் இல்லை, வேகமாக அடித்தால் மட்டும். நான் இப்போது பஸ் நிறுத்தங்களில் தொங்கும் அறிவிப்புப் பலகைகளுக்கு புரோகிராம் எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் சுவரில் சோதனைக்காக ஒரு பலகை இருக்கிறது. அன்றைக்கு அதில் எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரின் பெயர் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் டம்ளரும் கையுமாக நின்று அதையே பார்த்தார். இந்த ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு, நானும் வர்றேன் என்றார். எனக்கும் போகலாம் போலத்தான் இருந்தது.

கீபோர்டில் போன மாதம் டீ கொட்டியிருந்தேன், அதனால் புதுக் கீபோர்டு மாற்றினேன். சரியாகவில்லை. எடிட்டரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். சரியாகவில்லை. பிறகு நாம் எப்போதும் செய்கிற மாதிரி, செட்டிங்ஸில் பாதியை மூடிவிட்டுப் பார்த்தேன், பழுது இருக்கிற பாதியில் மறுபடி பாதி, அதில் பாதி. பத்தே சுற்றில் அகப்பட்டுவிட்டது. ஸ்பேஸ் கீயை அழுத்திக்கொண்டு இடது பக்க எழுத்தைத் தட்டினால், கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதற்கு நேரெதிரான வலது பக்க எழுத்து விழும்படி யாரோ வைத்திருந்தார்கள். வேகத்தில் என் கட்டைவிரல் ஸ்பேஸிலிருந்து எழும்புவதற்குள் அடுத்த விரல் விழுந்துவிடுகிறது, அதுதான் கோளாறு. அந்த வரிகளை அப்படியே அழித்தேன்.

மறுநாள் அவை திரும்ப வந்திருந்தன. அழித்தேன். வந்தன. எங்கோ ஒரு பழைய காப்பி சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து விழுகிறது என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, அண்ணி. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மதியத்துக்கு மேல் என் கறுப்பு ஸ்கிரீனில் காரண வரிகள் இருக்கிற இடமே தெரியாத சாம்பல் நிறம். வேலை செய்யாத வரி எதற்குப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அப்படி வைத்தவளும் நான்தான்.

ஏழு முறை அழித்தும் அவை திரும்ப வந்ததும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பதினோரு வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஃபைலில் எது மாறினாலும் அந்த நொடியே என் காப்பியை எடுத்து அதன்மேல் வைத்துவிடும். அதற்குக் காவல்காரன் என்று பெயர் வேறு வைத்தேன். ஐந்து நாள் நிம்மதியாக வேலை பார்த்தேன். இதை அடிக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காவல்காரன் எத்தனை தடவை விரட்டினான் என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். முதல் நாள் மூன்று. அப்புறம் ஆறு, எட்டு, பதினொன்று. ஐந்தாம் நாள் ஒன்றே ஒன்று. எல்லாமே காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள். தினமும் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒன்றுகூட இல்லை. பழுது மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகுமா, அண்ணி?

அப்புறம்தான் ஃபைலின் பழைய மாற்றங்களைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்று பெயர் இருந்தது. மாடிப்படி. நீங்கள் உங்கள் லேப்டாப்புக்கு வைத்த பெயர்.

முதல் மாற்றத்துக்குப் பக்கத்தில் காரணமும் இருந்தது. ‘வலது கை சரியாகும் வரை – அண்ணி.’ ஒவ்வொரு கீயாக இடது பக்கத்துக்குக் குடி மாற்றியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. இரண்டு வாரம் கழித்து அந்தக் காரண வரியைத் திறந்து, ‘சரியாகும் வரை’ என்பதை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். ‘வலது கை – அண்ணி’ என்று மிச்சம் இருக்கிறது. அடுத்த நாள்தான் அந்த ஸ்பேஸ் கீ ஏற்பாடு வந்திருக்கிறது. எத்தனை நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. நீங்களும் இன்னும் அண்ணி என்றுதான் போட்டிருக்கிறீர்கள்.

ஐந்தாம் நாளின் அந்த ஒரே மாற்றத்தில் கீ எதுவும் இல்லை. காரண வரி மட்டும். ‘கொசு, நான்தான். கொஞ்சம் விடு.’ அதையும் காவல்காரன் அந்த நொடியே துடைத்துப் போட்டிருக்கிறான்.

உங்கள் கையை நானே ஐந்து நாள் பிடுங்கி வைத்திருந்திருக்கிறேன். அந்த ஐந்து நாளும் எப்படி வேலை பார்த்தீர்கள்? ஆபீஸில் என்ன சொன்னார்கள்? வேலைக்கு ஏதாவது வந்துவிட்டதா? கைக்கு என்ன ஆயிற்று, விழுந்தீர்களா, நரம்பா, யார் பார்த்துக்கொள்கிறார்கள்? தலைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோல்டரிலிருந்து பிரிந்து போக உங்களுக்கு இரண்டு நிமிஷ வேலை. ஒரே நாளில் பதினொரு தடவை திரும்பத் திரும்ப எழுதியதற்குப் பதில் அதைச் செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று கேட்க மாட்டேன். நாலு வருஷமாக நானும் செய்யவில்லை.

காவல்காரனை அன்றைக்கே அழித்தேன். உங்கள் கீ எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திரும்ப வைத்தேன். ஒன்பது நாளாகிறது. உங்கள் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. ஃபோல்டரில் மாடிப்படி என்ற பெயர் இன்னும் இருக்கிறது, கம்ப்யூட்டர் ஆனில் இருந்தால் பக்கத்தில் தெரியும் பச்சைப் புள்ளிதான் இல்லை. முந்தாநாள் மத்தியானம் ஒரு நிமிஷம் பச்சை வந்து போன மாதிரி இருந்தது. ஜன்னல் திரை ஆடி ஸ்கிரீன்மேல் வெளிச்சம் விழுந்ததா, நான் கண் அயர்ந்தேனா, தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை இடது கையால் மட்டும் அடிக்கிறேன். காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன், மணி மூன்றாகிறது. வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன், இல்லாவிட்டால் நாய்க்குட்டி மாதிரி ஓடி வந்துவிடுகிறது. ஒரு கையால் பழகத் தொடங்கிய முதல் இரண்டு நாள் அழுகையாக வந்தது. இப்போது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. கட்டைவிரல் ஸ்பேஸை அழுத்தும்போது கீபோர்டின் இல்லாத பாதி வந்து நிற்கிறது, எடுத்ததும் போய்விடுகிறது. நேற்று மேஜையிலேயே தூங்கிவிட்டேன். கனவில் பழைய மாடிப்படி. நான் ஒரு படியைக் காலால் அழுத்திக்கொண்டு நிற்கிறேன், அழுத்தியிருக்கும் வரை எதிரில் அதேபோல் இன்னொரு மாடிப்படி இருக்கிறது, அதில் நீங்கள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறீர்கள். காலை எடுக்கப் பயந்து நின்றுகொண்டே இருந்தேன். கால் மரத்துப்போய் விழித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவ பேச்சு இப்ப எதுக்கு என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். அரை மணி கழித்து வந்து, எந்தக் கையாம் என்றாள். மறுநாள் சமையலறையில் பார்க்கிறேன், இடது கையால் கேரட் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு கேரட்டுக்கு இருபது நிமிஷம். எப்படித்தான் சமாளிக்கிறாளோ என்றாள், யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்கள் சொன்னால்தான் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் வீட்டை விட்டுப் போன அந்த வாரம் மூன்று தடவை எனக்கு போன் செய்தீர்கள். முதல் தடவை அண்ணன் பக்கத்தில் இருந்தான், எடுக்கவில்லை. மற்ற இரண்டு தடவையும் பக்கத்தில் யாரும் இல்லை. அப்போதும் எடுக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை, நாளைக்குக் கூப்பிடலாம் என்று விட்டேன், அந்த நாளை நாலு வருஷமாகிவிட்டது. இதற்கு மட்டும் என்னிடம் எழுத ஒரு காரணமும் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

நேற்று ஃபைலில் ஒரு மாற்றம் செய்தேன். பன்னிரண்டு மணிக்கு இப்போது ஸ்கிரீன் இருட்டுவதில்லை. நாள் முழுக்க உங்கள் மஞ்சள்தான், காரண வரிகள் கொட்டை எழுத்தில் தெரியும்படி வைத்திருக்கிறேன். பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன்: ‘இனி எதையும் படிக்காமல் அழிக்க மாட்டேன் – கொசு.’ கை எப்படி இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் வேலை உங்களிடமே இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த ஒன்பது நாளில் நான் வேறெதுவும் வேண்டிக்கொள்ளவில்லை.

மஞ்சள் ஸ்கிரீனில் மத்தியான வெயிலும் சேர்ந்து எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அண்ணி. மறுபடி கறுப்பாக்கிவிடுங்கள். ஒரு வார்த்தை மாற்றினால் போதும், எல்லாம் இடது பக்கத்துக் கீதான். நானே மாற்றிக்கொள்ளலாம். மாற்ற மாட்டேன். நாளைக்கும் பன்னிரண்டு மணிக்கு இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உங்கள்,
கொசு