நின்றால் அனல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் உன் குரல் விட்டுவிட்டுக் கேட்பதால் எழுதுகிறேன். நெட் கிடைக்கிற துறைமுகத்தில் படித்துக்கொள்.

கார் ஏ.சி. மக்கர் செய்கிறது. வண்டி ஓடும்போது ஓரளவு குளிர்கிறது. சிக்னலில் நின்றால் அடுப்படிக் காற்று. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போகிற அந்த ரோட்டில் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். கண்ணாடியை இறக்கினால் புகையில் அப்பாவுக்கு இருமல். ஏற்றினால் வேர்த்துக் கொட்டி, நாக்கு வறண்டு, தண்ணீர் கேட்கிறார். டாக்டர் அளந்து கொடுக்கச் சொன்ன தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. "ஒரு வாய் குடும்மா" என்பார். நான் காதில் விழாதவள்போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

கப்பல் நிறைய மீனை உறையவைத்துக் கொண்டுபோகிற இன்ஜினியர் துரை நீ. வீட்டுக் காருக்கும் ஒரு வழி சொல்.

லீவு எப்போது? அப்பா கேட்கிறார்.

உன் அக்கா

*

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

இதற்கா இவ்வளவு கவலை? சூடான காற்று வந்தால் முக்கால்வாசி காஸ் குறைந்திருக்கும். காஸ் தானாகத் தீராது, எங்கேயோ கசியும். முதலில் கசிவைப் பார்க்கச் சொல். அப்புறம் உள்ளே இருக்கிற காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, அளந்து ஏற்றச் சொல். ஃபில்டரையும் மாற்றிவிடு. ஐஸ் மாதிரி வரும்.

லீவு இன்னும் முடிவாகவில்லை. அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தாயிற்று. கசிவு இல்லை என்றான் மெக்கானிக். இருந்தாலும் காஸை மாற்றி, ஃபில்டரையும் மாற்றி, பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். ஜில்லென்று இருந்தது. அப்பாவை ஏற்றிக்கொண்டு மார்க்கெட் சிக்னலில் நின்றேன். பழைய குருடி கதவைத் திறடி.

திரும்பிப் போனால், "கம்ப்ரஸர் போயிருக்கும், மாத்திடலாம்" என்கிறான். போயிருக்கும் என்றால் என்ன அர்த்தம்? ஜோசியமா சொல்கிறான்?

செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது அப்பா மயங்கிவிட்டார். டயாலிசிஸ் முடிந்தாலே அவருக்கு பிரஷர் இறங்கும், அதோடு இந்தப் புழுக்கம். நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, காலைத் தூக்கிவிட்டேன். பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். கண் திறந்ததும், "ஆபீஸுக்கு நேரமாச்சேம்மா உனக்கு" என்றார். எனக்கு அழக்கூட நேரமில்லை. பள்ளிக்கூட ஆபீஸில் என் மேஜை காலியாகக் கிடந்தால் ஹெட்மாஸ்டர் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்?

கப்பலை விட்டு எப்போது இறங்குகிறாய்?

அக்கா

*

மார்ச் 24

அக்காவுக்கு,

கோபப்படாதே. நடுக்கடலில் இருந்துகொண்டு நான் பானெட்டுக்குள் தலையை விடவா முடியும்? கம்ப்ரஸரை மாற்ற விடாதே. எப்போது குளிர்கிறது, எப்போது சூடாகிறது என்று கவனித்து எழுது. நீ அதைச் சொல்லவே இல்லை. சொல்லாமல் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

கம்பெனியில் இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொல்கிறார்கள். அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

சொல்லவே இல்லையா? என் முதல் கடிதத்தை எடுத்துப் பார். எடுத்ததுமே எழுதியிருக்கிறேன்: ஓடினால் குளிர்கிறது, நின்றால் சுடுகிறது. நீ ஏ.சி. என்கிற வார்த்தையைப் பார்த்ததும் பாடம் நடத்தக் கிளம்பிவிட்டாய்.

சரி, கேள். வியாழக்கிழமை அப்பாவை உள்ளே படுக்கவைத்துவிட்டு, ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் இன்ஜினையும் ஏ.சி.யையும் போட்டு பானெட்டைத் திறந்தேன். முன்பக்கம் இரண்டு ஃபேன். ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேன் அசையவே இல்லை. வண்டி ஓடினால் எதிர்க்காற்று அதன் வேலையைச் செய்திருக்கிறது. நின்றால் ஆளில்லை. மெக்கானிக்கை இழுத்துவந்து காட்டினேன். பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தான். மோட்டார் செத்துக் கிடந்தது. புது ஃபேன் போட்டான். இப்போது மார்க்கெட் சிக்னலிலும் குளிர்கிறது.

நேற்று அப்பா தண்ணீர் கேட்கவில்லை. தெம்பாகப் பேசிக்கொண்டு வந்தார். உன்மேல் எனக்கிருந்த ஆத்திரத்தில், அவன் இன்னும் இரண்டு மாதம் வரமாட்டானாம் என்று போட்டு உடைத்துவிட்டேன். "அவனை நச்சரிக்காதம்மா. என்னை இந்தக் கோலத்துல பாக்க அவனுக்குத் தைரியம் பத்தல. நானும் எங்கப்பாவை அப்படித்தான் தள்ளி நின்னு பாத்தேன்" என்றார்.

அவர் அப்படிப் பரிந்து பேசியதில்தான் எனக்கு வயிறு எரிந்தது. தினம் பார்க்கிற எனக்கு மட்டும் தைரியத்தை யார் மூட்டை கட்டிக் கொடுத்தார்கள்?

இனி காரைப் பற்றி எழுதாதே. கார் நன்றாக இருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 5

அக்கா,

என்ன எழுதுவதென்று தெரியாமல் நாலைந்து தடவை எழுதி அழித்தேன்.

அடுத்த துறைமுகத்தில் என் இடத்துக்கு ஆள் வருகிறான். கேப்டனிடம் பேசிவிட்டேன். முதலில் முடியாது என்றார். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்றேன். "எத்தனை மாசமா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதினாறாம் தேதி காலை வந்துவிடுவேன். அப்பாவிடம் சொல்லிவிடு.

தம்பி

*

ஏப்ரல் 7

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இதற்கு முன்னால் நீ வருவதாகச் சொன்னபோது, இரண்டு நாள் முன்பே சவரம் செய்துகொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

நீ வருகிற நாள் அவருக்கு டயாலிசிஸ். காலையிலேயே கிளம்பிவிடுவோம். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். பெட்டியை வைத்துவிட்டு, எங்களுக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடாதே. நேராக ஆஸ்பத்திரிக்கு வா. மாடியில் கடைசி வார்டு, ஜன்னலோரக் கட்டில். ஊசி குத்தியிருக்கிற கையைப் பார்த்தால் உனக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. வெளியே நின்றுவிடாதே. உள்ளே வா.

அக்கா